பெட்டியைக் கீழே வைங்க டீச்சர்! - ஆசிரியர்கள் கூடிக் கட்டிய தீவுகளில் ஒரு சுற்று

மணல்வெளியில் ஒரு டீச்சர் நிற்கிறார். வலது கையில் பெரிய பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடந்தால் பெட்டியும் கூட நடக்கிறது. பறந்தால் பெட்டியும் பறக்கிறது. அதை எப்படிக் கீழே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் கடையில் வாங்கும் பல பொருள்கள் பெட்டிக்குள்தான் வரும். பெட்டியைத் தரையில் வைத்துத் திறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அவசரத்தில் ‘அணிந்துகொள்’ என்பதை அழுத்திவிடுவார்கள். புதுச் சட்டைக்குப் பதிலாகப் பெட்டி கையில் ஏறிக்கொள்ளும். இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்களில் பலரும் முதல் நாள் இப்படிப் பெட்டியோடு திரிந்தவர்கள்தான். அதனால் பக்கத்தில் நிற்கும் யாராவது வந்து வழி சொல்லிவிடுவார்கள். காலையில் 40 பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்த டீச்சர், இங்கே எல்.கே.ஜி. பிள்ளை.

ஊரின் பெயர், செகண்ட் லைஃப். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம், 2003 ஜூன் மாதம் இதைத் திறந்தது. கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கும் முப்பரிமாண உலகம். உள்ளே போகிறவர்களுக்கு ஓர் உருவம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நமக்குப் பழக்கமானதுதான்... அவதார்!

பார்த்தால் வீடியோ கேம் போலத் தெரியும். ஆனால், ஜெயிக்கவோ தோற்கவோ இங்கே எதுவும் இல்லை. காலி நிலமும் கட்டுவதற்கான கருவிகளும்தான் இருக்கின்றன. மரம், பாலம், பள்ளிக்கூடம் என இங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி, உள்ளே வந்தவர்கள் தாங்களே செய்து வைத்தவை. ‘காலி நிலமும் கருவியும் கொடுத்தால் என்ன செய்யலாம்?’ என்ற கேள்விக்கு முதலில் ஓடி வந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. 2006, 2007-ம் ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் அமைப்புகளும் வரிசையாகத் தீவு வாங்கிக் குடியேறின.

எல்லாம் ஒரு பலகைப் பெட்டியில் தொடங்கும்

இங்கே கட்டடம் கட்ட செங்கல் கிடையாது. ‘பிரிம்’ என்று ஒன்று உண்டு. கட்டும் கருவியை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டினால், பிளைவுட் போட்ட சதுரப் பெட்டி ஒன்று முளைக்கும். அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். யார் தட்டினாலும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், முதலில் வருவது இதே பலகைப் பெட்டிதான்.

அதை இழுத்தால் சுவர். தட்டையாக்கினால் மேஜை. உருளையாக மாற்றித் துளை போட்டால் குழாய். மேலே ஒரு படத்தை ஒட்டினால் கரும்பலகை. அந்தப் படத்தை உள்ளே ஏற்றுவதற்கு வழக்கமாக 10 லிண்டன் டாலர் கட்டணம். லிண்டன் டாலர் என்பது இந்த ஊர்ப் பணம். 10 லிண்டன் டாலர் என்பது சில அமெரிக்க சென்ட்டுகள்தான்.

நிலத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு முழுப் பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சுமார் 16 ஏக்கர். அந்த நிலத்தில் ஆரம்பக் காலத்தில் 15,000 பிரிம்கள் வரைதான் வைக்கலாம். கேட்க நிறைய போலத் தோன்றும். ஒரு நாற்காலிக்கு 20 பிரிம் என்றால், 50 நாற்காலிக்கே 1,000 போய்விடும். அழகான மரம் ஒன்று நட்டால், அது ஒரு வகுப்பறையின் பங்கைத் தின்றுவிடும். ஒரு தீவில் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து கட்டும்போது பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். மரமா, நாற்காலியா? உட்கார வைக்க ஒரே பிரிமில் முடியும் குஷன் போதாதா? வீடு கட்டும் குடும்பத்தில் ஜன்னலுக்கும் பூஜையறைக்கும் நடக்கும் அதே பஞ்சாயத்து!

பட்டாணித் தோட்டமும் சுனாமிக் கரையும்

அப்படிக் கட்டப்பட்ட தீவுகளில் சிலவற்றைச் சுற்றி வரலாம்.

ஜீனோம் தீவு. டெக்ஸாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் மேரி ஆன் கிளார்க் உருவாக்கியது. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலின் அடிப்படையைக் கண்டுபிடித்த கிரிகோர் மெண்டல் ஒரு துறவி அல்லவா? அதனால் இந்தத் தீவிலும் ஒரு மடாலயம், பட்டாணித் தோட்டம். மாணவர்கள் செடிகளைக் கலப்புச் செய்து, வரும் விளைச்சலைத் தாங்களே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தில் 3:1 என்று ஒரே வரியில் முடியும் விஷயம், இங்கே ஒருவர் எண்ணினால் கொஞ்சம் கூடும், இன்னொருவர் எண்ணினால் கொஞ்சம் குறையும். எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டும்போதுதான் விகிதம் தெளியும். இந்த ஊரில் பேராசிரியர் கிளார்க்கின் பெயர் மாக்ஸ் ஷாநுவார். ஃபிரெஞ்சில் ‘ஷா நுவார்’ என்றால் கறுப்புப் பூனை!

அடுத்தது மெடியோரா. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, 2007-ல் திறந்த தீவு. கடற்கரையில் நின்றால் சுனாமி வருவதைப் பார்க்க முடிந்தது. முதலில் கடல் உள்வாங்கும், பிறகு அலை எழும்பி வரும். பனிப்பாறை உருகியது. வானிலை பலூனைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடிந்தது. புயலுக்குள் பறக்கும் விமானத்திலும் ஏற முடிந்தது. 2004 டிசம்பரை அறிந்த நம் கடலோர மக்களுக்கு, ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்ற பாடம் எத்தனை உயிர்களின் விலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வாஸர் கல்லூரி தன் தீவில் ஒரு சிஸ்டைன் தேவாலயத்தையே கட்டியது. வத்திக்கானில் இருக்கும் நிஜ தேவாலயத்தில், சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மைக்கேலாஞ்சலோ வரைந்த கூரை. கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வாஸரின் தேவாலயத்தில் மாணவர்கள் பறந்து போய் ஓவியத்துக்கு நேர் எதிரே நின்று பார்த்தார்கள்.

ஹார்வர்டு சட்டக் கல்லூரி 2006-ல் பெர்க்மன் தீவில் ஒரு பாடத்தை நடத்தியது. பேராசிரியர் சார்லஸ் நெஸ்ஸனும் அவருடைய மகள் ரெபெக்கா நெஸ்ஸனும் ஆசிரியர்கள். ஹார்வர்டின் ஆஸ்டின் ஹால் கட்டடத்தை அப்படியே தீவில் எழுப்பியிருந்தார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்களோடு, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து உட்கார முடிந்தது.

20 மீட்டர் வரைதான் கேட்கும்

லாக்டவுன் காலத்தில் வீடியோ வகுப்பு எடுத்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் ஒரு கேள்வி எழலாம். இதற்கு ஒரு ஜூம் மீட்டிங் போதாதா?

செகண்ட் லைஃபில் ஒருவர் டைப் செய்து பேசினால், அது 20 மீட்டர் தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். 2007-ல் வந்த குரல் வசதியிலும் கிட்டே இருப்பவர் சத்தமாகவும் தள்ளி இருப்பவர் மெதுவாகவும் கேட்பார். ஆக, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது இங்கே முக்கியம். கூட்டம் முடிந்தபின் வாசலில் இரண்டு பேர் நின்று பேசலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும், “எனக்கு ஒண்ணும் புரியலை, உங்களுக்கு?” என்று கேட்கலாம். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும் நேரத்தில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம், வீடியோ கட்டங்களுக்குள் கிடைப்பதில்லை.

ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான் இருப்பார். அவருடைய சந்தேகத்தைக் கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்காது. இன்னொரு மாநிலத்தில், இன்னொரு நாட்டில் அதே சந்தேகத்தோடு இன்னொருவர் இருப்பார். இருவருக்கும் ஒரு வாசல் கிடைத்ததுதான் இந்தத் தீவுகளின் பெரிய லாபம்.

சிலருக்கு இது வாசலையும் தாண்டிய விஷயம். மல்ட்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு மண்டலப் பாதிப்போடு வாழும் ஆலிஸ் குரூகர், மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமைப்பு வர்ச்சுவல் எபிலிட்டி. அவர்களுடைய தீவில் புதியவர்கள் தங்கள் வேகத்தில் நடந்து பழக ஒரு பாதை இருக்கிறது. கூட்டங்களில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் தன்னார்வலர்கள் அங்கேயே டைப் செய்துவிடுவார்கள். காது கேளாதவரும் கூட்டத்தில் ஒருவராக உட்காரலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு, வீட்டுக்கு வெளியே போய் நாலு பேரோடு உட்கார கிடைத்த இடம் இது.

‘என் பொருளை நீ அழிக்கலாம்’

சந்திப்பது ஒன்று. சேர்ந்து கட்டுவது வேறு. இந்த ஊரில் ஒவ்வொரு பிரிமுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒருவர் வைத்த சுவரை இன்னொருவர் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது. சேர்ந்து கட்ட வேண்டுமென்றால், பொருளைக் குழுவோடு பகிர வேண்டும், அல்லது நண்பருக்கு அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி என்ன சொல்கிறது தெரியுமா? ‘என் பொருள்களைத் திருத்தலாம், அழிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறது. திருத்த மட்டும் அனுமதி, அழிக்க இல்லை என்று பிரிக்க வழியில்லை. மூன்றும் ஒரே டிக்!

முகம் பார்த்திராத, நிஜப் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு அந்த டிக்கைப் போடுவது சாதாரண விஷயம் இல்லை. ஆசிரியர்கள் போட்டார்கள். ஒருவர் சுவர் எழுப்ப, இன்னொருவர் கதவு திறந்து மூட புரோகிராம் எழுத, மூன்றாமவர் தோட்டம் வைக்க... அப்படித்தான் தீவுகள் எழுந்தன.

ஸ்டுடியோ விக்கிடெக்சர் என்ற குழு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. விக்கிபீடியா கட்டுரையைப் பலர் சேர்ந்து எழுதுவதுபோல, ஒரு கட்டடத்தைப் பலர் சேர்ந்து வடிவமைக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதற்காக ஒரு மரம் செய்தார்கள். மரத்தின் ஒவ்வோர் இலையும் கட்டடத்தின் ஒரு வடிவம். யார் என்ன மாற்றினாலும் புது இலை முளைக்கும். பழைய இலை அப்படியே இருக்கும். எல்லோரும் இலைகளுக்கு ஓட்டுப் போடலாம். நேபாளத்தில் ஒரு மருத்துவ மையத்துக்கான வடிவமைப்பும் இப்படித்தான் உருவானது. 2009-ல் லிண்டன் லேப் முதன்முதலாக லிண்டன் பரிசை அறிவித்தபோது, வர்ச்சுவல் எபிலிட்டியும் விக்கிடெக்சரும் வெற்றியாளர்கள் ஆனார்கள்.

வாடகை ஏறியது

2010 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் தந்துவந்த பாதி விலைச் சலுகை, 2011 ஜனவரியோடு நிறுத்தப்படும் என்றது லிண்டன் லேப்.

அப்போது ஒரு முழுப் பகுதிக்கு மாத வாடகை 295 டாலர். பாதி விலையில் இருந்தவர்கள் முழு விலைக்குப் போக வேண்டும். வருடத்துக்கு 3,540 டாலர். ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால், பட்ஜெட் ஏற்கெனவே போட்டு முடித்து, கல்வியாண்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த செலவு. ‘திரைக்குள்ளே இருக்கும் நிலத்துக்கா இவ்வளவு?’ என்று கேட்கும் மேலதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர், அதே டீச்சர்தான்.

பல தீவுகள் மூடப்பட்டன. நிஜ ஊரில் ஒரு பள்ளிக்கூடம் மூடப்பட்டால் சுவராவது நிற்கும். இங்கே வாடகை நின்றால் நிலமே இருக்காது. வரைபடத்தில் அந்த இடத்தில் நீலக் கடல் மட்டும் தெரியும்.

மாற்று இடம் இருந்தது. செகண்ட் லைஃப் போலவே இயங்கும் ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருள் 2007 முதல் வளர்ந்து வந்தது. சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் வாடகை மிகக் குறைவு. கட்டியதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு அங்கே போகலாம் என்று கிளம்பியவர்களுக்குக் காத்திருந்தது ஒரு சிக்கல். செகண்ட் லைஃபிலிருந்து எதையாவது வெளியே எடுக்க வேண்டுமானால், அதைச் செய்தவர் நீங்களாகவே இருக்க வேண்டும் என்று 2010-ல் கொண்டுவரப்பட்ட விதி சொன்னது. அடுத்தவர் உழைப்பை யாரும் திருடிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வந்த, நியாயமான விதி.

ஆனால், சேர்ந்து கட்டியவர்களுக்கு அது என்ன அர்த்தம்? சுவரைக் கட்டியவர் சுவரை மட்டும் எடுத்துப் போகலாம். கதவைச் செய்தவர் கதவை மட்டும். தோட்டம் போட்டவர் இந்த ஊர்ப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தால் தோட்டம் போனது போனதுதான். தனியாகக் கட்டியவருக்குச் சுலபம். பத்துப் பேர் கூடிக் கட்டிய பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோக வேண்டுமென்றால், பத்துப் பேரும் மறுபடி கூடி வந்தாக வேண்டும்.

ஆகவே, கட்டடம் பிழைத்ததும் பிழைக்காததும் கடைசியில் ஒரே விஷயத்தில் வந்து நின்றது... கட்டியவர்கள் இன்னும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்களா? பேசிக்கொண்டிருந்தவர்கள் புது இடத்தில் மறுபடி கட்டிக்கொண்டார்கள். அல்லது, செலவைப் பங்கு போட்டுப் பழைய இடத்திலேயே இருந்துகொண்டார்கள்.

2013-ல் லிண்டன் லேப் பாதி விலைச் சலுகையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் கடலாகிப்போன தீவுகள் தானாக எழும்பி வரவில்லை.

நிலம் மட்டும்தான் போகும் என்றில்லை. 2006-ல் இங்கே பெரிய வளாகம் திறந்து, பல கல்லூரிகளுக்கு முதல் வாசலாக இருந்த நியூ மீடியா கன்சார்ஷியம் என்ற அமைப்பே 2017 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் வளாகத்தில் நடக்கப் பழகிய பலர், இன்று வேறு தீவுகளில் அடுத்தவருக்கு நடக்கச் சொல்லித் தருகிறார்கள்.

நள்ளிரவு 12.30-க்கு ஒரு மாநாடு

2007-ல் தொடங்கி, இந்த மாய உலகத்துக்குள்ளேயே ஆசிரியர்கள் நடத்தும் மாநாடு ஒன்று இருக்கிறது. ‘வர்ச்சுவல் வேர்ல்ட்ஸ் பெஸ்ட் பிராக்டிசஸ் இன் எஜுகேஷன்’ என்பது அதன் நீளமான பெயர். நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். மேடை, அரங்கம், கண்காட்சிக் கூடம் என எல்லாவற்றையும் தாங்களே கட்டுகிறார்கள். சலுகை போனபோதும் கூட்டம் நின்றுவிடவில்லை. பெருந்தொற்றில் உலகமே திரைக்கு வந்தபோது, இவர்களுக்கு அது பழைய பழக்கமாக இருந்தது.

செகண்ட் லைஃபின் கடிகாரம் கலிஃபோர்னியா நேரத்தில் ஓடுகிறது. மார்ச் பாதிக்கு மேல் அங்கே மதியம் 12 மணி என்றால், தமிழ்நாட்டில் நள்ளிரவு 12.30. பார்க்க நினைக்கும் நம் ஊர் ஆசிரியர்கள் ஃபிளாஸ்க்கில் காபி போட்டு வைத்துக்கொள்வது நல்லது. கணக்குத் தொடங்கவும் சுற்றிப் பார்க்கவும் கட்டணம் இல்லை. நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் வாடகை. ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். பெரியவர்களுக்கான பகுதிகளும் இந்த உலகில் உண்டு என்பதால், 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவான பகுதிகளில் மட்டுமே அனுமதி.

கட்டிப் பழக சொந்த நிலம் தேவையில்லை. ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் பொது மணல்வெளிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். சில மணி நேரம் கழித்து மணல்வெளி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். கட்டியவை அவரவர் பைக்குள், ‘தொலைந்தவை, கிடைத்தவை’ என்ற பெயருள்ள ஃபோல்டருக்குத் திரும்பிப் போய்விடும்.

மறுவாரம் வரும்போது டீச்சர் அந்த ஃபோல்டரைத் திறந்து, போன வாரம் பாதியில் விட்ட சுவரை எடுத்துத் தரையில் வைக்கிறார். அப்போது தூரத்தில் யாரோ ஒருவர், கையில் பெட்டியோடு, என்ன செய்வதென்று தெரியாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கிறார். சுவர் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, 20 மீட்டருக்குள் போய் நின்று டைப் செய்கிறார் டீச்சர்.

“முதல்ல அந்தப் பெட்டியைக் கீழே வைக்கலாம், வாங்க!”